கழுவி வைத்த கொயில்

1

ஊரிலிருந்து "அங்கத்தைப் புதினம் எழுதி அனுப்புங்கோ" என்று கேட்கிறவர்கள் எல்லாருக்கும் பனிதான் வேண்டும். எவ்வளவு கொட்டுகிறது, எப்படி நடக்கிறீர்கள், மூக்கு விறைக்காதா. போன தடவை நான் எழுதியதைப் படித்துவிட்டு அண்ணி, "வாசிக்கவே குளிருது" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். இந்த முறை பனியை விட்டுவிடுகிறேன். அது தன்பாட்டில் கொட்டட்டும். ஒரு சின்னக் கம்பிச் சுருளைப் பற்றி எழுதப் போகிறேன். பேனைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை விடவும் சின்னது. இந்தக் குளிர்காலம் முழுவதும் நான் பயந்து செத்தது அதற்காகத்தான்.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மொன்றியலில் மொன்றியல்-நோர் என்ற பக்கத்தில், இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகிற ஒரு மேல்மாடி வீட்டில் இருக்கிறோம். என் கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் லொறி ஓட்டுகிறார். நான் ஒரு கார்தெறியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமைக்கிறேன். ஒரே மகள், ஆரணி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எங்களோடு தமிழ் கதைப்பாள். சிநேகிதிகளோடு பிரெஞ்சில் கதைப்பாள். கோபம் வந்தால் ஆங்கிலம்.

இலையுதிர்காலம் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை காலை, பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தேன். மூலையில் இருந்த குப்பை வாளியைக் கவிழ்த்தபோது கடதாசியில் சுற்றிய ஏதோ ஒன்று 'டொக்' என்று நிலத்தில் விழுந்தது. கையில் எடுத்தேன். பாரமான, கறுப்பான ஒரு சின்னப் பெட்டி. மேலே கண்ணாடிக் குழாயும் அதற்கு மேலே வாயில் வைக்கிற ஒரு குழலும். மின்சிகரெட். இங்கே பிள்ளைகள் வேப் என்பார்கள்.

குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டேன்.

முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? கெட்டிக்காரி, நல்ல இடத்தில்தான் ஒளித்திருக்கிறாள் என்பது. பெண்கள் பாவிக்கிற குப்பை வாளிக்குள் தகப்பன் கை வைக்க மாட்டார் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். அடுத்து வந்தது பயம். அன்றைக்குக் குப்பை வெளியே வைக்கிற நாள். பையைக் கட்டி நான் கொடுத்தால் இவர் சும்மா கொண்டுபோய் வைக்கிற மனிசன் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து றேடியோவில் செய்தி கேட்டவர். எறியக்கூடாத எதையும் நான் எறிந்துவிட்டேனா என்று பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். போன வருடம் இருதயத்தில் குழாய் வைத்த மனிசன் இதைக் கண்டால் என்ன ஆவார்?

கடதாசியை உரித்து, சாமானைத் துடைத்து, ஆரணியின் குளிர் ஜக்கெற்றின் உள்பொக்கெற்றுக்குள் போட்டேன். அவள் எடுத்துக்கொள்வாள், இனிக் கொஞ்சம் கவனமாக ஒளிப்பாள் என்று நினைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2

ஏன் கேட்கவில்லை என்று இங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் விளங்கப்படுத்த எனக்கு வராது. உங்களுக்கு விளங்கும்.

எங்கள் அண்ணை பதினெட்டு வயதிலேயே பீடி குடிக்கத் தொடங்கிவிட்டார். அது ஐயாவுக்குத் தெரியும். ஐயாவுக்குத் தெரியும் என்பது அண்ணைக்கும் தெரியும். ஆனால் ஐயா வேலையால் வரும்போது எங்கள் ஒழுங்கை முடக்கில் சைக்கிளை மெதுவாக்கி, பலமாக ஒருதரம் செருமுவார். அந்தச் செருமலுக்குள் அண்ணை பீடியை எறிந்து, வாயைத் துடைத்து, புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார். பிறகுதான் ஐயா முடக்கைத் தாண்டுவார். தகப்பனுக்கு முன்னால் புகைக்காதது மகனின் மரியாதை. காணாமல் விடுவது தகப்பனின் மரியாதை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, உங்கள் வீடுகளிலும் இதுதானே.

அந்த மரியாதை கடைசிவரை போனது. ஐயா செத்த பிறகு பெரியையாவுக்கு முன்னால் புகைக்கவில்லை. பெரியையாவுக்குப் பிறகு தன் பெண்சாதியின் தகப்பனுக்கு முன்னால் புகைக்கவில்லை. ஒருவர்கூட அவரிடம் "விடு" என்று சொன்னதில்லை. சொன்னால் கண்டதாகிவிடும். போன வருடம் யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தபோதும் வீடியோவில் நான் கேட்டது "அண்ணை, சாப்பிட்டனீங்களே?" என்பதுதான். மூச்சை இழுத்து இழுத்து "ஓம்" என்றார். அந்த இழுவை இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

அதனால்தான் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டதும் என் கண்ணில் பட்டது மகள் இல்லை, அண்ணையின் ஒட்சிசன் குழாய். எனக்கு வந்தது கோபமே இல்லை. தனிப் பயம்.

3

பயம் வந்தால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. ஏதாவது ஒன்றைக் கழுவ வேண்டும்.

சனிக்கிழமைகளில் ஆரணி ஒரு சப்பாத்துக் கடைக்கு வேலைக்குப் போவாள். அந்தப் பெட்டியை மேசை லாச்சிக்குள் விட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் லாச்சியைத் திறந்து மணந்து பார்த்தேன். கருகல் மணம். அடிப்பிடித்த சட்டியின் மணம் என்றால் சமைக்கிறவளுக்குத் தெரியாதா? இதைத்தான் என் பிள்ளை நெஞ்சுக்குள் இழுக்கிறாள் என்று சாமானைக் கைப்பைக்குள் போட்டேன்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஒரு வேப் கடை இருக்கிறது. யன்னல் முழுவதும் மறைத்து ஒட்டியிருப்பார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தலையை மூடி சால்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். தெரிந்த தமிழர் யாராவது கண்டால் கோயிலில் அடுத்த நாளே கதை வரும். நல்ல காலம், அங்கே ஒரு ஹெயிற்றிக்காரப் பெண்தான் நின்றாள். என் வயது இருக்கும். "போன்ஜூர் மதாம்" என்றாள். நான் கைப்பையைத் திறந்து சாமானைக் காட்டினேன். "மா ஃபீய்" என்றேன். என் மகள். பிறகு கண்ணீர்தான் வந்தது.

அவள் கதவைப் பார்த்தாள். வேறு ஒருவரும் இல்லை. ஒரு கதிரையை இழுத்து விட்டாள்.

பறித்து எறியட்டுமா என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். "எனக்கும் மகன் இருக்கிறான். பறித்துப் பார்த்தேன். தெருவில் யாரோ விற்கிற, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒன்றை வாங்கினான்" என்றாள். பிறகு கண்ணாடிக் குழாயைத் திருகிக் கழற்றி உள்ளே காட்டினாள். ஒரு குட்டிக் கம்பிச் சுருள். இதுதான் கொயில். அதற்கு நடுவால் பஞ்சு போகிறது. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், கொயில் சூடாகும், ஆவி வரும். பஞ்சு காய்ந்தாலோ கொயிலில் அழுக்குப் படிந்தாலோ ஆவிக்குப் பதிலாகக் கருகின புகைதான் வரும். ஆரணியின் பஞ்சு கோப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

துப்புரவாக்கச் சொல்லித் தந்தாள். பழைய பஞ்சை இழுத்து எடு. கொயிலைத் தண்ணீரில் கழுவிக் காயவிடு. பொத்தானை விட்டு விட்டு அமத்து. கம்பி நடுவிலிருந்து சிவந்து வரவேண்டும். மென்மையான தூரிகையால் தட்டு, திரும்பக் கழுவு, காயவிடு. புதுப் பஞ்சை இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் கோத்து நுனியை வெட்டு. கடைசியாக விரலை உயர்த்தி ஒன்று சொன்னாள். எண்ணெய் மட்டும் எக்காரணம் கொண்டும் படக்கூடாது. நெஞ்சுக்குள் போன எண்ணெய் வெளியே வராது.

அவளிடமே ஒரு பொதி பஞ்சு வாங்கி வந்து ஒடியல் மா வைக்கிற ரின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டில் ஒடியல் மா ரின்னை என்னைத் தவிர ஒருவரும் தொடுவதில்லை.

முதல் தரம் பொத்தானை அமத்த முன்னமே பற்றரி வெடித்து முகம் எரிந்தவர்களின் படங்களை எல்லாம் பார்த்துவிட்டிருந்தேன். குசினியில் புகை இழுக்கும் விசிறியைப் போட்டு, சட்டி பிடிக்கிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பி அமத்தினேன். அந்தக் கையுறையோடு பொத்தானே அகப்படவில்லை. கழற்றிவிட்டு "முருகா" என்று அமத்தினேன். கம்பி சிவந்தது. கறுத்த அழுக்குப் புகைந்து போனது. திரும்பவும் அமத்த, திரும்பவும் சிவந்தது. கழுவிப் பார்த்தபோது வெள்ளிபோல மினுங்கியது. என்னை அறியாமல் ஒரு திருப்தி வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இப்படித்தான் சனிக்கிழமைகள் போயின. இவர் லொறியோடு போய்விடுவார், பிள்ளை கடைக்குப் போய்விடுவாள், நான் கொயில் கழுவுவேன். அவள் மாலையில் வந்து லாச்சியைத் திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு மூடும் சத்தம். அவளுக்குத் தெரியும், யாரோ கழுவுகிறார்கள் என்று. சாப்பாட்டு மேசையில் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாள். நான் "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்பேன்.

அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

4

தை மாதம் அண்ணையின் ஆட்டைத் திவசம் வந்தது. அண்ணை போய் ஒரு வருடம். கிரியைகளை ஊரில் அவர் மகன் செய்தான். இங்கே நாங்கள் மரக்கறி சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, விளக்கேற்றினோம். எங்கள் வீட்டில் திரி உருட்டுவது இவர்தான். வெள்ளிக்கிழமைகளில் சாரத்தை வழித்துவிட்டுத் தொடையில் பஞ்சை வைத்து உள்ளங்கையால் ஒரே இழுவை இழுப்பார். ஒரு நுனி தடிப்பாகவும் மற்ற நுனி எலிவால்போலவும் வரும். லொறி ஓட்டுகிற கைக்கு இவ்வளவு நளினம் எங்கிருந்து வருகிறது என்று பகிடி பண்ணுவேன். திவசத்துக்கென்று நிறையத் திரி உருட்டி, ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் விட்டு ஊறப் போட்டிருந்தார். மிச்சம் சுவாமி அறையில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல லாச்சியைத் திறந்து, கண்ணாடிக் குழாயைத் திருகினேன். நான் போன கிழமை வைத்த பஞ்சு அங்கே இல்லை. வேறு பஞ்சு. முறுக்கி உருட்டின பஞ்சு. பாதிக்கு மேல் கருகியிருந்தது. கருகாத நுனி மஞ்சளாக, எலிவால்போல. மணந்து பார்த்தேன்.

நல்லெண்ணெய்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, இவருக்கும் தெரியும். எப்போதிருந்து என்று தெரியாது, ஆனால் தெரியும். கொஞ்ச நாளாக இவர் படியேறி வந்து, கதவைத் திறக்க முதல் வெளியே நின்று செருமியது எனக்கு ஞாபகம் வந்தது. குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று கொத்தமல்லித் தண்ணி அவித்துக் கொடுத்திருந்தேன். மனிசன் எங்கள் ஐயாவின் வேலையைத்தான் பார்த்திருக்கிறார்.

மற்றது, அந்த எண்ணெய் என் பிள்ளையின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது.

கடைக்காரி உயர்த்திய விரல் கண்ணுக்கு முன்னால் நின்றது. திரியை இழுத்து எடுத்து, கொயிலை மூன்று நான்கு தண்ணீரில் கழுவினேன். கொதிதண்ணீரில் போட்டேன். சவர்க்காரம் போட்டேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை என்றே தோன்றியது. அதைக் கழுவி என்ன பிரயோசனம்? கழுவ வேண்டியது எங்கே இருக்கிறதோ அங்கே என் கை போகாது.

இவர் பின்னேரம் வந்தார். கதவுக்கு வெளியே செருமினார். நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். திடுக்கிட்டுப் பார்த்தார்.

"என்ன? ஏன் வாசலிலை நிக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி போட்டிருக்கிறன்."

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. சொன்னால் இருவரும் கண்டதாகிவிடும். அப்போதும் அதைத்தான் நினைத்தேன் என்பதை எழுதும்போது என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

5

அடுத்த கிழமை ஆரணிக்கு இருமல் தொடங்கியது. சளி இல்லாத, வறண்ட இருமல்.

"என்ன பிள்ளை, இருமிறாய்?"

"ஒண்டுமில்லை அம்மா. யூனியிலை எல்லாருக்கும் இருக்கு."

இஞ்சி போட்டுக் கொடுத்தேன். நெஞ்சுக்குத் தைலம் பூசினேன். பூசும்போது உள்ளங்கைக்குக் கீழே அவளுடைய மூச்சு குறுகுறு என்று ஓடியது. எங்கள் இரும்புப் படிக்கட்டைத் தாவி ஏறுகிற பிள்ளை, நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதை யன்னலால் பார்த்தேன். வாயைத் திறந்து மூச்சை இழுத்து இழுத்து எடுத்தாள். அந்த இழுவையை நான் போன வருடம் கேட்டவள்.

"இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ" என்றேன். எதற்கென்று இவர் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

அவசரப் பிரிவைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கனடா ஆசுபத்திரி என்றால் ஓடி வந்து தூக்குவார்கள் என்று நினைப்பீர்கள். முதலில் ஒரு யன்னல். சுகாதார அட்டை. அட்டையின் முகவரி பழையது என்று இன்னொரு யன்னல். பிறகு ஒரு நர்ஸ் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்து, கையில் ஒரு பட்டி கட்டி, கதிரையைக் காட்டினாள். அந்தக் கதிரைகளில் பகல் முழுவதும் போனது.

இந்த யன்னல்கள் எல்லாவற்றிலும் எங்களுக்காகக் கதைக்கிறவள் ஆரணிதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே அவள்தான் எங்கள் வாய். வீட்டுச் சொந்தக்காரன் கத்தினால் "அப்பா, அவர் கொஞ்சம் கவலைப்படுறார்" என்று மொழிபெயர்ப்பாள். எங்களுக்கு நோகாதபடி பாதியைத் தன்னோடு வைத்துக்கொள்வாள். அன்றைக்கும் தன் வருத்தத்தைத் தானே சொல்லி, இருமி, அவர்கள் சொன்னதை எங்களுக்குச் சொன்னாள். "சின்ன இன்ஃபெக்‌ஷனாம் அம்மா. பயப்பிடாதேங்கோ." நர்ஸின் முகத்தில் அவ்வளவு சின்னதாக ஒன்றையும் நான் காணவில்லை.

கடைசியில் ஒரு இளம் டொக்டர் வந்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். நெஞ்சின் அடியில் பனிப்புகார்போல ஏதோ இருந்தது. ஆரணியிடம் பிரெஞ்சில் மளமளவென்று கேட்டாள். வேப் பாவிக்கிறாயா என்று கேட்டது விளங்கியது. ஆரணி எங்கள் இருவரையும் பார்த்தாள். இவர் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் கைப்பையின் ஸிப்பைப் பார்த்தேன்.

"வீ" என்றாள் ஆரணி, மெதுவாக. ஓம்.

டொக்டர் அடுத்து கேட்டதில் ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். உய்ல். எண்ணெய். ஏதாவது எண்ணெய் கலந்ததைப் பாவித்தாயா?

"நோ" என்றாள் ஆரணி. உண்மையாகத்தான் சொன்னாள். அவளுக்கு எங்கே தெரியும்?

டொக்டர் எழுதப் போனாள். அவள் 'இல்லை' என்று எழுதிவிட்டால் வேறு எதற்கோ மருந்து கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். கார்தெறிக் குசினியில் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடுகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் உள்ள சொற்களை மட்டும் நான் பிரெஞ்சுக்காரிபோலச் சொல்லுவேன்.

"உய்ல் து செசாம், டொக்டர்" என்றேன். "எள்ளெண்ணெய். வீ. வீ. பஞ்சிலை. உள்ளுக்கை."

டொக்டரின் பேனை நின்றது. ஆரணி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழில் அவளிடம் சொன்னேன். "பிள்ளை, டொக்டருக்குச் சொல்லு. உன்ரை பஞ்சிலை நல்லெண்ணெய் இருந்தது. நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

"நீங்கள் போட்டனீங்களோ?"

நான் பதில் சொல்ல முதல் இவர் சுவரிலிருந்து திரும்பினார்.

"நான்தான். பஞ்சு நனைஞ்சு ஊத்தையாக் கிடந்தது. சுவாமிக்கு ஏத்திற திரிதானே, வீட்டிலை இருக்கிறதுக்குள்ளை அதுதான் சுத்தமான பஞ்சு எண்டு..." இருதயத்தில் குழாய் வைக்கப் போகும்போதுகூட அழாத மனிசன், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஓ" என்றாள் ஆரணி. "அதுதான் கோயில் மணம் மணந்தது."

அவள் எல்லாவற்றையும் டொக்டருக்குச் சொன்னாள். இந்த முறை ஒன்றையும் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை என்று டொக்டரின் முகம் போன போக்கிலேயே தெரிந்தது. இன்னொரு படம் எடுத்தார்கள். ஊசியால் இரத்தம் எடுத்தார்கள். எண்ணெய் தானாகக் கரையாது, உடம்பு மெல்ல மெல்ல அகற்ற வேண்டும், பெரும்பாலும் சுகமாகும், ஆனால் உறுதி சொல்ல ஏலாது என்றார்கள். இனி ஒரு இழுவைகூட இழுக்கக்கூடாது. ஒரு மாதத்தில் திரும்பவும் படம் பார்க்க வேண்டும். மூச்சு மோசமானால் உடனே வர வேண்டும். "பெரும்பாலும்" என்ற சொல்லை ஆரணி மூன்று மொழியிலும் எனக்குச் சொல்லிப் பார்த்தாள். எந்த மொழியிலும் எனக்கு அது போதவில்லை.

6

வீட்டுக்கு வரும்போது தெருவிளக்குகள் எரிந்தன. இவர் ஓட்டினார். நான் பின்சீற்றில் ஆரணிக்குப் பக்கத்தில் இருந்தேன். தெருவோரம் பனி குவிந்து கிடந்தது. அதைப் பற்றி எழுதமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன்.

ஒருவரும் கதைக்கவில்லை. பழைய பழக்கம் திரும்பவும் வந்து எங்களோடு காரில் ஏறியிருந்தது. இப்படியே வீட்டுக்குப் போனால் நான் சோறு போடுவேன், இவர் செய்தி பார்ப்பார், பிள்ளை கதவைச் சாத்துவாள் என்று தெரிந்தது. அண்ணையிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. இவளிடமும் அதையே கேட்டுக்கொண்டு இருக்கப் போகிறேனா?

அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்தேன். நான் வளர்ந்த வீட்டில் ஒருவரும் ஒருவரிடமும் சொல்லாத சொல்லைச் சொன்னேன்.

"விடு பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு. இதை விட்டிடு."

அவள் என்னைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் பார்க்கிற அதே பார்வை. பிறகு அழத் தொடங்கினாள். அழ அழ இருமினாள். இருமி முடியும் மட்டும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"விட்டனான் அம்மா" என்றாள். "ரெண்டு தரம் விட்டனான். முதல் தரம் பாத்ரூம் வாளிக்குள்ளை எறிஞ்சனான். அடுத்த நாள் ஜக்கெற் பொக்கெற்றுக்குள்ளை இருந்தது. கிழமைக்குக் கிழமை ஆரோ கழுவி வைச்சினம். மாமாவின்ரை திவசத்துக்குப் பிறகு, மாமாவின்ரை படத்தைப் பாத்துப்போட்டு, திரும்ப எறிஞ்சனான். குசினி வாளிக்குள்ளை, தேயிலைச் சக்கைக்குக் கீழை. அதுவும் வந்திட்டுது. புதுப் பஞ்சோடை."

கண்ணாடியில் இவருடைய கண்கள் தெரிந்தன. குப்பைப் பையை அவிழ்த்துப் பார்க்கிற கண்கள்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் ஆரணி. "பிள்ளை பாவிக்கட்டும், ஆனால் சுத்தமாப் பாவிக்கட்டும் எண்டு விட்டிட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன். எனக்கு ஒருதரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை அம்மா."

முன்னால் சிவப்பு விளக்கு பச்சையானது. இவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். பிறகு இன்னொருவன் அடித்தான். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"அப்பா" என்றாள் ஆரணி, மூச்சை இழுத்து எடுத்துக்கொண்டு. "பச்சை விழுந்திட்டுது. போங்கோ."